100 பவுண்டு காரில் பிளைமவுத்திலிருந்து பஞ்சுல் வரை: முதலில் எதைப் பார்ப்பது?

தெற்குநோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் பிறந்த நான் ஒன்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வேலை பார்த்து வருகிறேன். பழைய காரில் நெடுந்தொலைவு செல்லும் அமெச்சூர் ராலிகளைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் படித்து வந்ததில், என் மனத்தில் ஒட்டிக்கொண்டது, இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியாவின் தலைநகரான பஞ்சுல் வரை செல்லும் பயணம்தான். பெரும் பணம் புரளும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தைக் கேலி செய்வதற்காகவே ஜூலியன் நோவில் என்ற ஆங்கிலேயப் பங்குத் தரகர் 2003-இல் தொடங்கிவைத்த பயணம் அது. காரின் விலை 100 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதைத் தயார்செய்ய 15 பவுண்டுக்கு மேல் செலவிடக் கூடாது, வழியில் பழுதானால் தூக்கிவிட ஆள் வராது, போய்ச் சேர்ந்த காரைக் காம்பியாவில் ஏலம் விட்டு அந்தப் பணத்தை அங்குள்ள தொண்டுப் பணிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற அதன் தொடக்க கால விதிகளைப் படித்தபோதே, இதற்குப் போகாமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

நானும் நண்பர் ஒருவரும் வரும் ஜனவரியில் அதே தடத்தில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகச் சென்று கப்பலில் மொராக்கோவின் டாஞ்சியரில் இறங்கி, அட்லாண்டிக் கரையை ஒட்டி மேற்கு சகாரா, மொரித்தானியா, செனகல் ஆகியவற்றைக் கடந்து காம்பியாவை அடைய ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் ஆகும். இருவருக்கும் மூன்று வாரம் விடுப்பு உண்டு. என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. நண்பரிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்.

பக்கத்துத் தெருவில் 1.0 லிட்டர் நிசான் மைக்ரா ஒன்று 90 பவுண்டுக்குக் கிடைக்கிறது. நண்பரோ, பாலைவனத்துக்குப் போவதானால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். என் மனைவி கேட்பது ஒரே ஒரு கேள்வி: நடுப் பாலைவனத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? வண்டி முற்றிலும் படுத்துவிட்டால் அங்கேயே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு விமானத்தில் திரும்பிவிடலாம், போனால் 90 பவுண்டுதானே என்பது இதுவரை எங்கள் பதில். மைக்ராவை வாங்கலாமா? பயணத்துக்குமுன் அதில் எதை எதை மாற்ற வேண்டும்? போய் வந்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.


மணற்காட்டான் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன், காம்பியா ஆற்றின்மேல் செனகாம்பியா பாலம் திறக்கப்படுவதற்கு முன்னரே, இந்தப் பாதையில் ஒருமுறை போய் வந்தவன் நான். வடமராட்சியில் மணற்காட்டுக்கு அருகே வளர்ந்தவன் என்பதால் மணலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற எண்ணத்தோடு புறப்பட்டேன். ஆனால் மணலால் பட்ட பாட்டைவிடத் தாள்களால் பட்ட பாடுதான் பெரிது. ஆகவே காரை விட்டுவிட்டுத் தாளிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் மனைவிக்கு நீங்கள் சொல்லிவரும் பதில் பிழையானது. டாஞ்சியரில் இறங்கியவுடன் மொரோக்கோ சுங்கத்தினர் உங்கள் வாகனத்தைத் தற்காலிக இறக்குமதியாக உங்கள் பெயரில் பதிந்துகொள்வார்கள். நாட்டைவிட்டு வெளியேறும்பொழுது அந்த வாகனமும் உங்களோடு வெளியேற வேண்டும். இல்லையேல் நீங்கள் அதைத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டதாகவே கொள்வார்கள், வரியும் தண்டமும் கேட்பார்கள். மொரித்தானியாவிலும் இதே கதைதான். அங்கே வாகனத்தை விற்க மாட்டேன் என்று எல்லையில் கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னர்தான் உள்ளே விடுவார்கள். கார் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது சுங்கத்தினருக்குப் பொருட்டல்ல. விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்ததுபோல அந்த உடலை அடுத்த எல்லைவரை சுமந்தே தீர வேண்டும். வேதாளமாவது வழிநெடுகக் கதை சொல்லிற்று. எங்கள் குழுவில் ஒரு காரின் கிளச் மொரித்தானியாவின் தலைநகரான நுவாக்சோத்துக்கு வடக்கே செத்துப்போனது. அதை இன்னொரு காரின் பின்னால் கயிற்றில் கட்டி நகரம்வரை இழுத்துச் சென்றோம். அங்கே தெருவோரம் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக், எங்கிருந்தோ கழற்றிவந்த பழைய பெஜோ பாகத்தைப் பொருத்தி இரண்டு நாளில் ஓடவைத்துவிட்டார். எனவே தனியொரு காராகப் போகாதீர்கள். குறைந்தது இன்னொரு காராவது உடன் வரட்டும். இரண்டு கார்களிலும் இழுவைக் கயிறு இருக்கட்டும்.

மைக்ரா நல்ல கார்தான், ஆனால் உங்களுக்கு உதவாது. பிரித்தானியாவில் ஓடும் கார் என்பதால் அதன் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். காம்பியாவிலோ வாகனங்கள் வீதியின் வலப்புறமாகச் செல்கின்றன. கடைசியில் ஏலத்தில் ஒருவர் வாங்கி அங்கே ஓட்ட வேண்டிய கார் அது என்பதால் இடப்பக்க ஸ்டியரிங் கட்டாயம். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்து, பின்னர் இங்கே விலைபோகாமல் நிற்கும் கார்களைத் தேடுங்கள். யாருக்கும் வேண்டாதவை என்பதால் சில வேளைகளில் உள்ளூர்க் கார்களைவிட மலிவாகவே கிடைக்கும்.

அதைப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னரே வாங்கிவிடுங்கள். வாங்கிய அன்று கையில் கிடைக்கும் பச்சை நிறத் துண்டுச்சீட்டை எல்லைகளில் யாரும் மதிப்பதில்லை. உங்கள் பெயர் அச்சிட்ட முழுமையான வி5சி பதிவுப் புத்தகம் வேண்டும். அது தபாலில் வந்துசேரச் சில வாரங்கள் பிடிக்கும். இருவரும் மாறி மாறி ஓட்டுவதானாலும், எல்லையில் கார் யார் பெயரில் பதிவாகிறதோ அவர் காரோடுதான் நாட்டைக் கடக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

காப்புறுதியில் மூன்று தாள்கள் தேவைப்படும். மொரோக்கோவுக்கு, வெளிநாட்டில் காட்டும் காப்புறுதிச் சான்றான பச்சை அட்டை செல்லும், ஆனால் உங்கள் நிறுவனம் தந்த அட்டையில் மொரோக்கோவைக் குறிக்கும் எழுத்துகள் கோடிட்டு நீக்கப்படாமல் இருக்கின்றனவா என்றும், மேற்குச் சகாராவையும் அது உள்ளடக்குகிறதா என்றும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். மொரித்தானியாவுக்கு எல்லையிலேயே தனியாக வாங்க வேண்டும். செனகலுக்கும் காம்பியாவுக்கும் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பழுப்பு அட்டை ஒன்றே போதும். மொரித்தானியா அந்தக் கூட்டமைப்பைவிட்டு 2000-இல் விலகிவிட்டதால் அங்கே அது செல்லாது.

எல்லாவற்றிலும் கடினமான இடம் செனகல். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை இறக்குமதி செய்ய அந்த நாடு அனுமதிப்பதில்லை. 2012-க்கு முன் அந்த வரம்பு ஐந்து ஆண்டாக இருந்தது. நீங்கள் கடந்து செல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும், பழைய காரைக் கண்டவுடன் டக்காரில் விற்க வந்தவர்கள் என்றே அவர்களுக்குத் தோன்றும். நாங்கள் குழுவாகச் சென்றதால் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். சுங்க அலுவலர் முன்னே செல்ல, நாங்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையாகப் பின்னே சென்று காம்பியா எல்லையில் ஒப்படைக்கப்பட்டோம். தனியாகச் செல்பவர்கள் கார்னே என்னும் சுங்கப் புத்தகத்தைப் பெரிய தொகை ஈடுகட்டி வாங்க வேண்டியிருக்கும். மொரித்தானியா–செனகல் எல்லையில் ரோஸோவில் ஆற்றைக் கடக்கும் இடம் தரகர்களுக்கும் கைநீட்டுபவர்களுக்கும் பேர்போனது. மழைக்காலம் அல்லாவிடில் ஆற்றங்கரை மண்பாதையால் டியாமா அணைக்குச் சென்று கடப்பதே நல்லது. அது ஒரு தேசியப் பூங்காவின் ஊடாகச் செல்லும் பாதை. அந்த மாலையில் கண்ட பூநாரைக் கூட்டத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

சிறிய விடயம் ஒன்று. மேற்குச் சகாராவிலும் மொரித்தானியாவிலும் சோதனைச் சாவடிகளில் 'ஃபிஷ்' கேட்பார்கள். உங்கள் பெயர், பெற்றோர் பெயர், தொழில், கடவுச்சீட்டு இலக்கம், கார் இலக்கம் ஆகியவற்றைப் பிரெஞ்சில் எழுதிய ஒரு தாள் அது. நாற்பது பிரதிகள் எடுத்துச் சென்றோம்; அவை தீர்ந்துபோய் நுவாக்சோத்தில் மீண்டும் எடுத்தோம். தாள் தயாராக இருந்தால் ஒரு நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் காவலர் ஒவ்வொரு எழுத்தாக ஏட்டில் பதியும்வரை வெயிலில் நிற்க வேண்டும்.


பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:

மேலே எழுதிய பெரியவர் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லிவிட்டார். நான் ஆப்பிரிக்காவுக்குப் போனவன் அல்லன். கோவையில் இருபத்தாறு ஆண்டுகளாக வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். எனவே இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் கேட்கும் நான்கு சக்கர இழுவை வண்டி இந்தப் பாதைக்குத் தேவையில்லை. மொரித்தானியாவின் வடக்கே உள்ள நுவாதிபுவிலிருந்து நுவாக்சோத் வரையுள்ள ஏறத்தாழ 470 கிலோமீட்டரில் 2005 வாக்கில்தான் தார்ச்சாலை முழுமையானது. அதற்கு முன் சென்றவர்கள் மணலில் வழிதேடி, பிறகு கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துக் கடற்கரை ஈரமணலிலேயே ஓட்டிச் சென்றிருக்கிறார்கள். இன்று அந்த ஆசையை அடக்கிக்கொண்டால் பெரும்பகுதி தார்தான். அதுவும் தவிர, 100 பவுண்டுக்குக் கிடைக்கும் நான்கு சக்கர இழுவை வண்டியில் பழுதாகக்கூடிய பாகங்கள் இரண்டு மடங்கு இருக்கும். சாதாரண இரு சக்கர இழுவை டீசல் கார், அதிலும் பெஜோ, ரெனோ, மெர்சிடஸ் போன்ற மேற்கு ஆப்பிரிக்காவில் டாக்சியாக ஓடித் தேய்ந்த வகைகளில் ஒன்று கிடைத்தால், உதிரிப் பாகமும் அதை மாட்டத் தெரிந்த கையும் வழியிலேயே கிடைக்கும். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் என்று வைத்தாலும் மொத்தப் பயணத்துக்கு 360 லிட்டர் போதும்.

15 பவுண்டு விதியைச் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். கார் எப்போது டைமிங் பெல்ட் மாற்றியது என்று விற்பவரிடம் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே பொருள். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதன்பின் பெரியவர் சொன்ன வேதாளம்தான். பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே வேலையாக மாற்றிவிடுங்கள். காரின் விலையைவிடக் கூலி கூடுதலாக வந்தாலும் வருந்தாதீர்கள்.

அடுத்தது சூடு. ஜனவரியில் சகாரா நீங்கள் நினைப்பதுபோல் கொதிக்காது, இரவில் குளிரவே செய்யும் என்று படித்திருக்கிறேன். ஆனால் எதிர்க்காற்றில் பாரம் ஏற்றிய பழைய கார் நாள் முழுவதும் ஓடினால் அதன் ரேடியேட்டருக்கு அதுவே சோதனைதான். ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள்; மெத்தென்று உப்பியிருந்தாலும் முறுகிக் கெட்டியாக இருந்தாலும் மாற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடுகிறதா என்று வண்டியை நிறுத்திய நிலையிலேயே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வழியில் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு காருக்குள் இறங்கும். உங்களுக்கு வேகும், எஞ்சின் பிழைக்கும்.

எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு ஒன்றைப் போல்ட்டில் மாட்டுங்கள். கல் பட்டுச் சம்ப் கிழிந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. ஆனால் தகட்டால் முழுவதும் மூடிவிடாதீர்கள், காற்று போக வேண்டும்.

பலர் செய்யும் பெருந்தவறு மேற்கூரைக் கேரியர். பெட்ரோல் கேன், தண்ணீர்க் கேன், இரண்டு ஸ்டெப்னி, மண்வெட்டி என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றி, ஏற்கெனவே இருபது வயதான ஸ்பிரிங்கின்மேல் ஒரு சிறிய கல்யாணச் சீரையே வைத்துவிடுகிறார்கள். கனமானவை பின் இருக்கை இருந்த இடத்தில், தரையோடு, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். டயரில் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வரிப்பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று பத்து வயது டயரை நம்பாதீர்கள். மணலில் இறங்கத்தான் வேண்டும் என்றால் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கிய நொடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வந்துவிடும் என்று தோன்றும், வராது. தார் ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்ப ஒரு சிறிய காம்ப்ரஸர் உடன் இருக்க வேண்டும்.


தெற்குநோக்கி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காரை விட்டுவிட்டு வர முடியாது என்பதை வாசித்ததும் நண்பரை அழைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்படியானால் பெல்ட்டை மாற்றிவிடுவோம்' என்றார். மைக்ரா கைவிடப்பட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள். நண்பரின் இந்திய பாஸ்போர்ட்டுக்கு எந்த விசாவிலிருந்து தொடங்க வேண்டும்? மேலும், வழியில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கப் பேனா, மிட்டாய், பழைய துணி ஆகியவற்றை அலுவலகத்தில் திரட்டிக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு எடுத்துச் செல்லலாம்?


லாச்சப்பல் வாசி எழுதியது:

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரமும் ஆறு நாட்டுத் தாள்களும் மலைப்பாகத் தோன்றுபவர்களுக்கு, அதிலும் படிக்கும் வயதில் உள்ளவர்களுக்கு, இங்கே பக்கத்திலேயே 4எல் டிரோஃபி என்ற ஒன்று இருக்கிறது. 1997-இல் தொடங்கிய இந்த ராலியில் 18 முதல் 28 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் இருவர் இருவராக, ரெனோ 4 என்ற ஒரே வகைக் காரில் மட்டுமே கலந்துகொள்ள முடியும். 1961-இல் வெளிவந்து எண்பது லட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. கியர் நெம்புகோல் குடைப்பிடிபோல டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பிரான்சிலிருந்து ஸ்பெயின் வழியாக மொராக்கோ சென்று மராக்கேஷில் முடிகிறது.

என் அக்காள் மகள் அதில் சென்று வந்தாள். வேகத்துக்குப் பரிசு இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். மணற்பரப்பில் திசைகாட்டியையும் வழிக்குறிப்புப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு செல்ல வேண்டும். யார் குறைந்த கிலோமீட்டரில் வந்து சேர்கிறார்களோ அவர்களே முன்னிலை, ஆகையால் வழிதவறிச் சுற்றியவர்கள் பின்தங்கிவிடுவார்கள். மெக்கானிக்குகளும் மருத்துவர்களும் உடன் வருகிறார்கள். ஆனால் அதற்கேற்பக் கட்டணமும் ஆயிரக்கணக்கான யூரோ ஆகிறது. அவளும் தோழியும் காரின் கதவு, பானெட், கூரை என்று ஒவ்வொரு பரப்பையும் விளம்பரத்துக்கு விலைபேசி, எங்கள் தெருவிலுள்ள கடைக்காரர்களிடம் ஓராண்டு அலைந்து பணம் திரட்டினார்கள். அந்த ஓராண்டு அலைச்சல்தான் அவர்களுக்கு உண்மையான ராலி என்பது என் கருத்து. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

2004-இல் தொடங்கிய மங்கோல் ராலியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சிறிய எஞ்சின் காரில் மங்கோலியாவை நோக்கிச் செல்வதாகத் தொடங்கியது அது. அதற்கு மூன்று வாரம் போதாது. ரஷ்யா வழியாகச் செல்வதும் 2022-க்குப் பின் முன்போல் எளிதன்று.


மணற்காட்டான் எழுதியது:

தம்பியின் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில்.

நண்பருக்கு முதலில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பொதுவாகச் செல்லும் ஷெங்கன் விசா. அதிலும் ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாவே வேண்டும். ஸ்பெயினிலிருந்து கப்பல் ஏறியதும் அவர் ஷெங்கனைவிட்டு வெளியேறியவராகிறார். மொரோக்கோவில் கார் கைவிரித்தால் அதை இழுத்துக்கொண்டு திரும்பிவர எளிய வழி ஸ்பெயின்தான். அப்பொழுது ஒருமுறை விசா முடிந்துபோயிருந்தால் நீங்கள் ஒரு கரையிலும் அவர் மறுகரையிலும் நிற்பீர்கள். அதன்பின் மொரோக்கோ, செனகல், காம்பியா ஆகியவற்றின் விதிகளை இந்தியக் கடவுச்சீட்டுக்கு இன்றைய நிலையில் தனித்தனியாக அந்தந்தத் தூதரகங்களில் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்துவது அவருக்குப் பொருந்தாது. மொரித்தானியாவுக்கு முன்பு எல்லையிலேயே விசா தந்தார்கள்; 2025 ஜனவரி முதல் இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

அரசின் பயண எச்சரிக்கைகளை ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், புறப்படும் வாரத்திலும் பாருங்கள். 2007 டிசம்பரில் மொரித்தானியாவில் பிரெஞ்சுப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டதால்தான் 2008-ஆம் ஆண்டின் டக்கார் ராலி புறப்படுவதற்கு முந்திய நாள் கைவிடப்பட்டது. அதன்பின் அது ஆபிரிக்காவுக்குத் திரும்பவேயில்லை. 2020 அக்டோபர், நவம்பரில் மேற்குச் சகாராவின் தெற்கு எல்லையிலுள்ள கெர்கராத்தில் சில வாரங்கள் பாதை அடைபட்டுக் கிடந்தது. அரசு போகாதே என்று சொல்லும் பகுதிக்குள் நீங்கள் நுழைந்தால் பயணக் காப்புறுதி செல்லாது. மருத்துவச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். கெர்கராத்துக்கு அப்பால் இரு நாட்டுச் சாவடிகளுக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாத சில கிலோமீட்டர் நிலம் உண்டு. நான் போனபொழுது இருபுறமும் கழற்றி எறியப்பட்ட கார்க் கூடுகள் கிடந்தன. கண்ணிவெடி உள்ள பகுதி என்பதால் ஏற்கெனவே உள்ள பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட இறங்கக் கூடாது. அங்கே காலையிலேயே போய்ச் சேருங்கள்.

இரவில் எந்த நாட்டிலும் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத லொறியும் வீதியில் படுத்திருக்கும் ஒட்டகமும் உங்களுக்காக விலகப்போவதில்லை. காரில் ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மொரோக்கோ சுங்கத்தினர் பறித்துவிடுவார்கள். மதுப்போத்தல் ஒன்றுகூட மொரித்தானியாவுக்குள் போகக் கூடாது. அங்கே விலை கேட்கும்பொழுது அந்நாட்டு நாணயமான உகியாவில் பழையதா புதியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018-இல் பத்துப் பழையது ஒரு புதியதாக மாறிய பின்னரும் பலர் பழைய கணக்கில்தான் பேசுகிறார்கள்.

பேனாவும் மிட்டாயும் வேண்டாம். ஓடும் காரிலிருந்து வீசியெறிந்த பேனாவுக்காகப் பிள்ளைகள் வீதியின் நடுவே பாய்வதை நான் நேரில் கண்டேன். அடுத்து வரும் ஒவ்வொரு காரையும் அவர்கள் துரத்துவது நமக்கு முன் சென்றவர்கள் பழக்கிவிட்ட பழக்கம். பல்வைத்தியர் இல்லாத ஊரில் மிட்டாய் கொடுப்பதும் தர்மமாகாது. துணி மூட்டையைச் சுங்கத்தினர் வணிகச் சரக்கு என்று பிரித்துப் போடுவார்கள். ஸ்பேனர் ஐயா சொன்ன ஸ்பிரிங்கும் தாங்காது. கொடுக்க விரும்பினால் பஞ்சுலில் உள்ள ஒரு பள்ளியையோ சிகிச்சை நிலையத்தையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு, என்ன தேவை என்று கேட்டு, அதை மட்டும் கொண்டுபோய்ப் பொறுப்பானவர் கையில் கொடுங்கள். அலுவலகத்தில் திரட்டியதை இங்கேயே விற்றுப் பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏலத்தில் உங்கள் காருக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால் அதில் இருக்கைகளும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்க வேண்டும். பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சென்ற எங்கள் ஆட்கள் சிலர், டாக்சிக்காக வாங்க வந்தவர்கள் முகம் சுளித்துப் போனதைப் பார்த்து வருந்தினார்கள்.


பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:

அப்படியானால் என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன். பின் இருக்கையைக் கழற்ற வேண்டாம். மடித்து வைத்து அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுப் பாரத்தை ஏற்றுங்கள்.


தெற்குநோக்கி எழுதியது:

லீசெஸ்டரில் இடப்பக்க ஸ்டியரிங்குடன் பெஜோ 306 டீசல் ஒன்று இருக்கிறது. போலந்து நாட்டவர் ஒருவர் 140 பவுண்டு சொல்கிறார். டைமிங் பெல்ட்டுக்கு ரசீது வைத்திருக்கிறார், ஆனால் அதில் உள்ள கிலோமீட்டருக்குப் பிறகு கார் 90,000 ஓடிவிட்டது. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். நூறுக்குக் குறைத்துக் கேட்டுப் பார்ப்பேன்.


மணற்காட்டான் எழுதியது:

போங்கள். பணம் கொடுப்பதற்கு முன் பதிவுப் புத்தகம் போலந்துப் பதிவா பிரித்தானியப் பதிவா என்று பாருங்கள். போலந்துப் பதிவாக இருந்தால் ஜனவரிக்குள் உங்கள் பெயருக்கு மாறுவது சந்தேகம். கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதை வாங்காதீர்கள்.